இந்தச் சித்திரைக்கும் வேலன் ஓடத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்விக்கு ஒரு மிருக வைத்தியரின் பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். குதிரைக்கு வேலன் என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

அவருடைய அப்பா புறக்கோட்டையில் வியாபாரம் செய்தவர். சின்னப் பையனாக இருந்தபோது கறுவாத்தோட்டம் ரேஸ் கோர்ஸ் வேலிக்கு வெளியே நின்று குதிரைகள் ஓடுவதைப் பார்த்தவராம். எழுபது வயது கடந்த பிறகுதான் அந்த ஆசைக்குக் காசு சேர்ந்தது. நண்பர் ஒருவரோடு பாதிக்குப் பாதி போட்டு, இந்தியாவில் பிறந்த ஒரு பந்தயக் குதிரையை வாங்கினார். காயடித்த ஆண் குதிரை. அப்போது அதற்கு ஐந்து வயது, இப்போது பத்து. கொழும்புக்கு வெளியே ஒரு லாயத்தில் நிற்கிறது. சித்திரைக்குச் சித்திரை நுவரெலியாவில் ஓடி, இரண்டு தடவை வென்றும் இருக்கிறது.

போன சித்திரையில் கடைசி வளைவு வரை முன்னால் போன வேலன் திடீரெனப் பின்தங்கியது. மறுநாள் காலை இடது முன்னங்காலின் பின்பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. ஸ்கேன் செய்த வைத்தியர், தசைநாணின் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) நடுவில் கிழிவு இருக்கிறது என்றார். ஐந்து மாத ஓய்வில் வீக்கம் வற்றியது, நொண்டலும் போனது. நத்தாருக்குப் பிறகு மறுபடி வேகமாக ஓட்டத் தொடங்கினார்கள். அதிலிருந்து இரண்டு தடவை, ஓடி முடிந்ததும் மூக்கில் இரத்தம் வந்திருக்கிறது. இதற்கிடையில் அப்பா காலமாகிவிட்டார். பங்காளியான நண்பர், கடிதத்தில் 'அங்கிள்', "அப்பாவின் நினைவுக்கு இந்த ஒரு சித்திரை மட்டும் ஓடட்டும் பிள்ளை" என்கிறார். பயிற்றுநருக்கும் சம்மதம். லாயத்தில் வேலை செய்யும் ஹட்டன் பக்கத்துத் தம்பி மட்டும் ரகசியமாகச் சொன்னாராம்: "மிஸ், குதிரை முன்ன மாதிரி இல்ல. ஓடுன அன்னைக்குத் தீனிய மிச்சம் வைக்குது. சேணத்தைப் பார்த்தாலே காதை மடக்கிக்கிட்டுத் திரும்பிக்குது." ஓடும் நாட்களில் தீனியில் ஒரு வெள்ளைத் தூள் கலப்பதையும் அவர்தான் காட்டியிருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள் மூன்று. கடைசியாக ஒரு தடவை ஓட விடலாமா? ஓட்டத்தை நிறுத்தினால் குதிரை ஏங்கிச் செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? நிறுத்தினால் எங்கே விடுவது: சிலாபத்தில் கணவர் வீட்டாரின் தென்னந்தோட்டத்திலா, நுவரெலியாவில் சவாரிக்குக் கேட்பவரிடமா, நெடுந்தீவுக் குதிரைகளோடா?

அன்புள்ள சகோதரி,

சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓட விடாதீர்கள். குதிரையை நேரில் பார்க்காமல் ஒரு வைத்தியர் இவ்வளவு உறுதியாகப் பேசக் கூடாதுதான். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி உண்மையாக இருந்தாலே என் பதில் இதுதான். நொண்டல் இருக்கிறதா, இரத்தம் எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் வைத்தியர் திருத்தலாம். ஒன்பது மாதத்துக்கு முன் கிழிந்த தசைநாண், வேகமாக ஓடினால் மூக்கில் இரத்தம், பத்து வயது: இந்த மூன்றும் ஒரே குதிரையில் சேர்ந்திருக்கும்போது கணக்கு அவ்வளவு சிக்கலானது இல்லை.

எல்லோரும் உங்களிடம் "இன்னும் ஒரு ஓட்டம் ஓட முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். முடியலாம். வேலன் ஓடி, மூன்றாவதாக வந்து, நல்லபடியாக லாயத்துக்குத் திரும்பவும் கூடும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்த ஓட்டத்தில் கால் போனால் அதற்குப் பிறகு இந்தக் குதிரைக்கு என்ன வாழ்க்கை மிஞ்சும்? இன்று நிறுத்தினால் வேலன் நடக்கக்கூடிய, மெதுவாகச் சவாரி செய்யக்கூடிய, யாரும் விரும்பி வைத்துக்கொள்ளக்கூடிய குதிரை. சித்திரையில் அதே கால் மறுபடி கிழிந்தால் அது நொண்டிக் குதிரை. நொண்டிக் குதிரையை ஆயுள் முழுக்க வைத்திருக்க இந்த நாட்டில் எத்தனை பேர் முன்வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஓய்வுக்கு நல்ல நேரம், குதிரைக்கு இன்னொரு வேலை செய்யும் உடம்பு மிச்சமிருக்கும்போதுதான். பெரும்பாலான சொந்தக்காரர்கள் அதைத் தாண்டிய பிறகே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

நொண்டாத கால் ஆறிய காலா?

இல்லை. உங்கள் கடிதத்தில் எல்லோரும் சாய்ந்து நிற்கும் தப்பான நம்பிக்கை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னங்காலில் முழங்காலுக்கும் குளம்புக்கும் இடையில், பின்பக்கமாகக் கயிறு போல இறங்கும் தசைநாண்கள் இருக்கின்றன. தோலுக்கு அடுத்திருப்பதுதான் பந்தயக் குதிரைகளில் அதிகம் கிழிவது. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கணம் ஒரே முன்னங்காலில் உடம்பு எடையின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இறங்குகிறது. வேலன் 480 கிலோ என்றால் ஒற்றைக் காலில் ஒரு தொன்னுக்கு மேல். அந்தப் பாரத்தில் இழுபட்டு இழுபட்டுச் சுருங்கும்போது தசைநாணின் நடுப்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். நடுவில் கிழிவது அதனால் ஆச்சரியம் இல்லை.

கிழிந்த இடம் ஆறுவது பழைய இழை திரும்பி வளர்ந்து இல்லை, தழும்புத் திசுவால். வீக்கமும் சூடும் சில வாரங்களில் போகும். நொண்டல் ஓரிரு மாதத்தில் போகும். தழும்பின் இழைகள் ஒரே திசையில் படிந்து பாரம் தாங்கும் அளவுக்கு வர 12 மாதம், சிலவற்றில் 18 மாதம் வரை ஆகும். அப்போதும் அது முன்பிருந்த நெகிழ்வோடு இராது. ஒட்டுப் போட்ட டயரில் புறக்கோட்டையைச் சுற்றி ஓடலாம், அதிவேக வீதியில் ஏறக் கூடாது. தசைநாண் கிழிந்து பந்தயத்துக்குத் திரும்பிய குதிரைகளில் மறுபடி கிழியும் அளவு ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும் பாதிக்கு அருகிலேயே நிற்கிறது. பழைய இடத்திலேயே கிழியும், இல்லாவிட்டால் தழும்பும் நல்ல இழையும் சந்திக்கும் விளிம்பில். நோகும் காலைக் காப்பாற்ற பாரத்தை மாற்றிப் போட்டு, மற்றக் கால் போவதும் உண்டு.

ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகு வேக ஓட்டம் என்பது அவசரம். அதற்கு முன் இரண்டாவது ஸ்கேன் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

"ஓட்ட நாளில் வைத்தியர் பார்த்துத்தானே விடுவார்" என்று அங்கிள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பார். நடக்க விட்டு, ட்ரொட் (மெதுவான ஓட்டம்) விட்டு, காலைத் தடவிப் பார்ப்பார். அன்றைக்கு வெளிப்படையாக நொண்டும் குதிரையை அது பிடிக்கும். தசைநாணின் நடுவில் என்ன இருக்கிறது என்பதைக் கையால் தடவிப் பிடிக்க முடியாது. வலி நிவாரணி உள்ளே இருந்தால் நொண்டல் கூட மறைந்துவிடும்.

அந்த வெள்ளைத் தூளைப் பற்றி

நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள பொட்டலத்தின் பெயர் பினைல்பியூட்டசோன். லாயங்களில் 'பியூட்' என்பார்கள். கெட்ட மருந்து இல்லை. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு, ஓய்வில் நிற்கும் குதிரைக்குக் கொடுத்தால் வீக்கத்தையும் வலியையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் ஓட வைப்பதற்காகக் கொடுத்தால் அது வேறு கதை. "இந்தக் காலில் பாரம் வைக்காதே" என்று குதிரைக்குச் சொல்வது வலி ஒன்றுதான். அதை அடைத்துவிட்டு ஓடச் சொன்னால் கிழிவதும் முறிவதும் முன்னறிவிப்பில்லாமல் நடக்கும். பந்தயத் திடலில் கால் முறியும் குதிரைகளில் கணிசமானவற்றுக்கு அந்த எலும்பில் முன்கூட்டியே மெல்லிய வெடிப்பு இருந்திருக்கிறது என்பது பிரேத பரிசோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. அப்படி முறிந்தால் குதிரை மட்டும் விழுவதில்லை, மேலே ஒரு ஜொக்கியும் இருக்கிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம்.

அளவு மிஞ்சினால் இதே தூள் வயிற்றிலும் பெருங்குடலிலும் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஓடிய நாளில் தீனியை மிச்சம் வைப்பது அதன் அடையாளமாக இருக்கலாம். பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே இரைப்பைப் புண் இருப்பதை கெமரா விட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு மேல் இந்தத் தூள். போதாததற்கு, ஓட்ட நாளில் குதிரையின் உடம்பில் வலி நிவாரணி இருப்பதைப் பந்தய உலகம் ஏற்பதும் இல்லை. மாட்டினால் பெயர் கெடுவது உங்கள் அப்பாவின் பெயர்தான்.

மூக்கில் வரும் இரத்தம்

கடும் ஓட்டத்தில் நுரையீரலின் நுண்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதால் வருவது இது. மூச்சுக்குழாய்க்குள் கெமரா விட்டுப் பார்த்தால் ஓடி முடித்த குதிரைகளில் பெரும்பாலானவற்றில் கொஞ்சம் இரத்தம் தெரியும். மூக்கு வரை வழிவது மிகச் சிலவற்றில்தான். வேலன் அந்தச் சிலவற்றில் ஒன்று, அதுவும் இரண்டு தடவை. அவுஸ்திரேலியாவில் இரண்டாவது தடவை மூக்கில் இரத்தம் வடித்த குதிரை ஆயுளுக்கும் பந்தயத்தில் ஓட முடியாது. அங்கே அது விதி. இங்கே அதை நாமே நமக்கு விதித்துக்கொள்வதில் தப்பில்லை.

நீங்கள் இருப்பது கடல் மட்டத்தில். குதிரை ஓடப்போவது 1,868 மீற்றர் உயரத்தில். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடிக்கடி வெடித்து ஆறிய நுரையீரலில் தழும்பும் சேர்ந்திருக்கும். இதைச் சொல்லும்போது நுவரெலியாவின் குளிர்தான் குதிரைக்கு நல்லது என்பார்கள். வெப்பத்துக்கு நல்லது, சரி. மூச்சுக்கு இல்லை.

பத்து வயது பெரிய வயதா?

வாழ்வதற்கு இல்லை, ஓடுவதற்குப் பெரிய வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த இனம் 25 வயதைத் தாண்டும். ஆனால் சமதரைப் பந்தயத்தில் அதன் உச்சம் நாலு, ஐந்து வயதில். (இந்தியாவில் பிறந்த பந்தயக் குதிரைகளுக்கு ஜனவரி முதலாம் திகதி எல்லாவற்றுக்கும் ஒன்றாக ஒரு வயது கூடும். இந்தக் கடிதத்தின் 'பத்து' கூட அப்படி வந்த பத்துதான், உண்மையில் சில மாதம் குறைவாக இருக்கலாம். அதனால் எதுவும் மாறப்போவதில்லை.)

அங்கிள் றெட் றம் கதையைச் சொன்னாராம், பன்னிரண்டு வயதில் கிராண்ட் நஷனல் வென்ற குதிரை. உண்மைதான். 1973, 1974, பிறகு 1977 என்று மூன்று தடவை வென்றது. அது தடை தாண்டும் நீண்ட தூரப் பந்தயம், முதிர்ந்த குதிரைகளுக்கு ஏற்றது. நுவரெலியாவின் குறுகிய வேக ஓட்டத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் அங்கிளிடம் அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள். 1978இல் நாலாவது வெற்றிக்காகக் காத்திருந்தபோது, பந்தயத்துக்கு முதல் நாள் காலில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தது. முழு நாடும் பார்த்துக்கொண்டிருக்க, அன்றைக்கே விலக்கி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்தக் குதிரை 1995 வரை, முப்பது வயது வரை வாழ்ந்தது. வென்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த முதல் நாள் முடிவுதான் பிடிக்கும்.

ஓடாவிட்டால் ஏங்கிச் செத்துவிடுமா?

இதை நான் எத்தனையோ லாயங்களில் கேட்டிருக்கிறேன். ஏங்கிச் செத்த குதிரையை மட்டும் பார்த்ததில்லை. ஓட்டத்தை நிறுத்திய குதிரை நோய்வாய்ப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஏக்கம் இல்லை, நிறுத்திய விதம்.

பந்தயக் குதிரைக்கு நாளாந்தம் கிலோ கணக்கில் ஓட்ஸும் தானியமும் போகிறது. ஒரு நாளில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தானியத்தைக் குறைக்காமல், நாள் முழுக்கக் கொட்டிலில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், வயிறு வலிக்கும், மரத்தைக் கடிக்கும், ஒரே இடத்தில் அசைந்து அசைந்து நிற்கும். பார்ப்பவர்கள் "பாவம், ரேஸை நினைச்சு ஏங்குது" என்பார்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் வரை எடுத்துக்கொண்டு இறக்குங்கள். வேக ஓட்டம் இன்றோடு சரி. கையில் பிடித்து நடத்துவது தினமும் தொடரட்டும். தானியத்தை வாரத்துக்கு வாரம் குறைத்து, அந்த இடத்தை உலர் புல்லால் நிரப்புங்கள். உடம்பு எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரை பங்கு, வேலனுக்கு ஏழு கிலோவுக்கு மேல், புல்லும் உலர் புல்லுமாக உள்ளே போக வேண்டும். காய்ந்த நிலையில் நிறுத்த எடை அது. பச்சைப் புல் என்றால் இதைப் போலப் பல மடங்கு. இன்னொரு குதிரை பக்கத்தில் இருந்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் ஒரு ஆடாவது. தனியாக நிற்கும் குதிரைதான் உண்மையில் ஏங்கும் குதிரை.

ஒரு எச்சரிக்கை. "ஓய்வு கொடுத்தாச்சு, சுதந்திரமாகத் திரியட்டும்" என்று முதல் நாளே பெரிய வெளியில் அவிழ்த்துவிடாதீர்கள். சந்தோஷத்தில் ஒரு சுற்று ஓடியே மிச்சத் தசைநாணையும் கிழித்துக்கொள்ளும். முதலில் ஒரு சின்ன அடைப்பு, ஸ்கேன் சரி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியது.

எங்கே விடுவது?

நெடுந்தீவை முதலில் ஒதுக்கிவிடுவோம். அங்குள்ள குதிரைகள் அந்நியர் காலத்தில் வந்து, தலைமுறை தலைமுறையாக அந்த வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிய மட்டக் குதிரைகள். வறட்சி மாதங்களில் தண்ணீருக்கு அவையே படாத பாடு படுகின்றன. வேளைக்கு வேளை வாளியில் தீனி வாங்கிய வேலனைக் குறிகட்டுவானில் படகில் ஏற்றி அங்கே இறக்கினால் (ஏற்றுபவரின் விலா எலும்புக்கு நான் பொறுப்பில்லை), கூட்டத்தின் ஆண் குதிரைகள் கடித்து விரட்டும். குடிக்க எங்கே போவது என்றும் தெரியாது. நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அது விடுதலை இல்லை, கைவிடுதல்.

நுவரெலியாவில் சவாரிக்குக் கேட்பவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். பொதுவாகச் சொல்கிறேன். கிரகரி வாவிப் பக்கம் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் குதிரைகளையும், பருவம் முடிந்த பின் வீதியில் குப்பையைக் கிளறும் குதிரைகளையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். சிலவேளை இரண்டும் ஒரே குதிரைதான். பந்தயத்துக்கு வளர்த்த குதிரை சனக்கூட்டத்தில், ஹோர்ன் சத்தத்தில், அறிமுகமில்லாத பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு அமைதியாக நடக்க மாதக்கணக்கில் பழக்க வேண்டும். அப்படியும் கொடுக்க நினைத்தால் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். மறுபடி பந்தயத்தில் ஓட்டக் கூடாது. வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது. வைத்திருக்க முடியாத நாளில் உங்களிடமே திருப்பித் தர வேண்டும். சுமப்பது சேணத்தோடு சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இதற்கெல்லாம் கையெழுத்துப் போடத் தயங்குபவர் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

சிலாபம் தோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தென்னை நிழலும் புல்லும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வேலியில் முள்ளுக்கம்பி இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். குதிரை மாடு மாதிரி நின்று யோசிக்காது, மாட்டிக்கொண்டால் இழுத்துக் கிழித்துக்கொள்ளும். வேலியோரம் இப்பில் இப்பில் மரம் இருக்கிறதா பாருங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல தீனி, குதிரைக்குப் பிடரி மயிரும் வாலும் கொட்டும். கிளிரிசிடியாவையும் எட்டாமல் வையுங்கள்.

கினிப்புல்லைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கிடைக்கப்போவது அதுதான். அதில் உள்ள ஒட்சலேற்று என்ற பொருள் தீனியில் இருக்கும் கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அது மட்டுமே தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். முகத்தின் இரு பக்கமும் தடிக்கும், காரணம் தெரியாமல் கால் நொண்டும். தடுப்பது சுலபம். வேறு புல்லும் கலந்து கொடுத்து, கல்சியம் சேர்ந்த தாதுக் கலவையை வைத்தியர் சொல்லும் அளவில் தினமும் சேர்த்தால் போதும். தவிட்டை அள்ளிப் போடாதீர்கள், அதில் உள்ள பொசுபரசு நிலைமையை மோசமாக்கும்.

வெயிலும் புழுக்கமும் அடுத்த விஷயம். சில குதிரைகளுக்கு இந்த மாதிரிக் காலநிலையில் வியர்ப்பதே நின்றுவிடும். உடம்பு காய்ந்து, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் உடனே நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள். குடிக்க நாளுக்கு 25 முதல் 50 லீற்றர் தண்ணீர், நக்க உப்பு, காற்றோட்டமான கொட்டில். மழைக் காலத்தில் சேற்றிலேயே நிற்க விட்டால் குளம்பின் அடி கறுத்து நாறும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு வெட்ட ஆள் வர வேண்டும். சிலாபம் பக்கம் ஆள் கிடைப்பாரா என்பதை இப்போதே விசாரியுங்கள். ஏற்புவலித் தடுப்பூசியும் பல் ராவுதலும் வருடத்துக்கு ஒரு தடவை. (ஆம், தேங்காய் விழும் மரத்தடியில் கொட்டில் போடாதீர்கள். சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.)

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி, பிறகு பதினைந்தால் பெருக்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்துப் பயந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, இப்போதே பயப்படுவது நல்லது. உங்களால் முடியாமல் போனால், நம்பிக்கையான சவாரிப் பள்ளிக்கோ நிலமும் அனுபவமும் உள்ள ஒருவருக்கோ கொடுக்க வேலன் நல்ல காலோடு இருக்கும் இந்த நேரம்தான் சாத்தியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கருணைக்கொலை என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் எடுக்க விரும்புவதில்லை. வேலனுக்கு இன்று அதற்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் எழ முடியாத, தின்ன முடியாத, மருந்துக்கும் அடங்காத வலி வரும் நாளில், பழகிய இடத்தில், பழகியவர் பக்கத்தில் நிற்க, வைத்தியர் ஊசி போட்டு அனுப்புவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. யாரிடமோ கொடுத்துவிட்டு, பிறகு என்ன ஆனது என்று விசாரிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது. அப்படி ஒரு நாள் வந்தால் யார் முடிவெடுப்பது என்பதை நீங்களும் கணவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிளிடம் எப்படிக் கதைப்பது?

பாதிப் பங்கு அவருடையது, அதனால் நீங்கள் தனியாக முடிவெடுத்து அறிவித்துவிட முடியாது. அப்பாவின் பங்கு சட்டப்படி உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா, அப்பாவும் அங்கிளும் எழுத்தில் ஏதாவது வைத்திருந்தார்களா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அது என் துறை இல்லை. குதிரையின் உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பந்தயக் கழகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை செய்ய முடியாத நிலையில் உள்ள மிருகத்தை வேலை வாங்குவது நம் நாட்டில் 1907ஆம் ஆண்டின் மிருக வதைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். பழைய சட்டம், தண்டப் பணமும் இன்றைக்குச் சிரிப்பூட்டும் தொகை. அதைக் காட்டி அங்கிளை மிரட்டச் சொல்லவில்லை. நாற்பது வருட நட்பை அப்படி முறிக்காதீர்கள்.

அவரை வெல்லப்போவது ஸ்கேன் படம்தான். ஏப்ரலுக்கு முன், இரண்டு முன்னங்கால்களிலும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், பேராதனை மிருக வைத்திய பீடத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அதற்கு முன் சில நாட்கள் தூளை நிறுத்தியிருக்க வேண்டும், எத்தனை நாள் என்பதைப் பார்க்கும் வைத்தியர் சொல்வார். குதிரையைக் கடினமான தரையில் ட்ரொட் விட்டு, முன்னாலிருந்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நோகும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். இதைப் பார்க்க வைத்தியராக இருக்கத் தேவையில்லை. அங்கிளே பார்க்கட்டும். அந்த நேரம் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அப்பா இருந்திருந்தால், இந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஓட விடச் சொல்லியிருப்பாரா?

நினைவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவருடைய ஆசை நியாயமானது, அதை மறுக்காதீர்கள். ஓட்டத்துக்கு ஆகும் பயிற்சிச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டினால் ஒரு பந்தயத்துக்கு அப்பாவின் பெயரில் கிண்ணம் கொடுக்கலாம். கழகத்தில் கேட்டுப் பாருங்கள். மேடையில் ஏறி அங்கிளே கொடுக்கட்டும்.

கடைசியாக அந்த ஹட்டன் தம்பி. தூளைப் பற்றி யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் அவர் பெயரை எடுக்காதீர்கள். குதிரை போனால் அவருடைய வேலையும் போகும் என்று தெரிந்துகொண்டே உங்களிடம் சொல்லியிருக்கிறார். சிலாபத்தில் வேலனைப் பார்க்க எப்படியும் ஒரு ஆள் வேண்டும், சம்பளம் பேசி முதலில் அவரைக் கேளுங்கள். தீனியை மிச்சம் வைத்ததைக் கவனித்தவர் அவர் ஒருவர்தானே. ஸ்கேன் வந்ததும் படத்தையும் வீடியோவையும் எனக்கு அனுப்புங்கள், அடைப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.